ஜார்ஜ் டவுனில் ஒரு நாள்: தோளில் வந்த சோறு

போன வருஷக் கடைசியில் காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் மலேசியா போயிருந்தோம். அதில் ஒரு முழு நாளை பினாங்குத் தீவில் இருக்கிற ஜார்ஜ் டவுனுக்கு ஒதுக்கினோம். பிளான் ரொம்ப சிம்பிள்: நடக்கணும், பசிச்சா சாப்பிடணும், திரும்ப நடக்கணும். இந்த எபிசோடில் அந்த ரூட்டிலேயே உங்களையும் கூட்டிட்டுப் போறேன். இந்த ஊரைக் கட்டினவங்க யாரு, இப்போ அதில் குடியிருக்க முடியறவங்க யாரு, இந்த ரெண்டு கேள்வியை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க.

காலையில் ரொட்டி சானாய், தே தாரிக். நம்ம பரோட்டாவும் ஆத்தின டீயும்னு வெச்சுக்கலாம். முடிச்சதும் நேரா கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கே ஃபிரான்சிஸ் லைட்டுக்கு ஒரு வெண்கலச் சிலை இருக்கு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1786-ல் இந்தத் தீவைக் கைப்பற்றின ஆள் இவர்தான். சிலையை 1936-ல் வெச்சாங்க. ஆனா லைட்டோட படம் எதுவும் கிடைக்கலை. அதனால் அவர் மகன் வில்லியமோட முகத்தைப் பார்த்துச் செஞ்சிருக்காங்க. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக்கு வரைபடம் போட்டவர் அந்த மகன். அப்பா பேர், மகன் முகம்!

தீவு கம்பெனி கைக்கு வந்த கதை இதைவிட சுவாரஸ்யம். பினாங்கு அப்போ கெடா சுல்தானுக்குச் சொந்தம். வடக்கே சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, அவருக்குப் பெரிய மிரட்டல். தீவைத் தர்றேன், எதிரி வந்தா படை அனுப்பணும் என்பதுதான் அவர் கேட்டது. லைட் அந்த நம்பிக்கையைக் கொடுத்துட்டு தீவில் கொடி ஏத்திட்டார். கம்பெனியோ படை உதவிக்கு ஒத்துக்கவே இல்லை. மேனேஜர் ஓகே சொல்றதுக்கு முன்னாடியே கிளையன்ட்டுக்கு ஃபீச்சரை ப்ராமிஸ் பண்ணிட்டு வர்ற சேல்ஸ் ஆள் ஒருத்தர் எல்லா ஆபீஸிலும் இருப்பார் இல்லையா, அதேதான். 1791-ல் சுல்தான் தீவைத் திரும்ப எடுக்கப் படை சேர்த்தார், லைட் முந்திக்கிட்டுத் தாக்கினார், சுல்தான் தோத்தார். வருஷத்துக்கு 6,000 ஸ்பானிஷ் டாலர்னு ஒப்பந்தம் ஆச்சு. 1821-ல் சயாம் நிஜமாகவே கெடாவைப் பிடிச்சப்போ, கம்பெனி கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்த்தது.

ஊரை யார் கட்டினாங்கன்னு கேட்டோம் இல்லையா? கோட்டையைச் செங்கல்லும் கல்லுமா கட்டினது கைதிகளோட உழைப்பு. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளை 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே பினாங்குக்குக் கொண்டுவர ஆரம்பிச்சுட்டாங்க. அவங்கள்ல யாருக்கும் சிலை கிடையாது.

கோட்டையிலிருந்து தெற்கே நடந்தா ஒரே தெருவை ஒட்டி நாலு வழிபாட்டு இடங்கள். 1818-ல் கட்டின செயின்ட் ஜார்ஜ் சர்ச், சீனர்களோட குவான் யின் கோயில், 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், 1801-ல் தொடங்கின கப்பித்தான் கெலிங் மசூதி. டூரிஸ்ட் போர்டுகள் இதை நல்லிணக்கத் தெருன்னு சொல்லுது. கேக்க அழகாத்தான் இருக்கு. ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு நிர்வாகக் கணக்கும் உண்டு. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த ஒரு கம்பெனிக்கு இத்தனை மொழி, இத்தனை வழக்கத்தை நேரடியா ஆள ஆளும் இல்லை, பணமும் இல்லை. அதனால் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவரை நியமிச்சு, பஞ்சாயத்தை அவர்கிட்டே விட்டுட்டாங்க. அந்தத் தலைவர்தான் கப்பித்தான். மசூதியைத் தொடங்கின காதர் மொகிதீன், தென்னிந்திய முஸ்லிம்களுக்கு அப்படி ஒரு கப்பித்தான். 'கெலிங்' என்கிற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது. ஒரு காலத்தில் சாதாரணப் பேரா இருந்தது, இன்னைக்கு மலேசியத் தமிழர்களைக் காயப்படுத்தற வசவு. மசூதிப் பேரில் தங்கிடுச்சு. அங்கே போனா விளையாட்டுக்குக்கூட அந்தச் சொல்லை வாயில் எடுக்காதீங்க.

பக்கத்திலேயே சூலியா தெரு. சூலியான்னா சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம் வணிகர்கள். அந்தத் தெருவில் சின்னதா ஒரு நாகூர் தர்கா இருக்கு. எங்க கூட வந்தவன் ஒருத்தனுக்கு நாகப்பட்டினம் சொந்த ஊர். "டேய், எங்க ஊரு ஆண்டவர்டா!"ன்னு அப்படியே நின்னுட்டான். அவன் நின்னதுக்குக் காரணம் இருக்கு. அவங்க தாத்தாவோட அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு வந்தவராம். 1926-ல் கட்டின எஸ்.எஸ். ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம் வரைக்கும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு போய்வந்துட்டு இருந்தது. அந்தக் காலத்து நாகப்பட்டினத்துக்காரருக்குப் பினாங்கு 'ஃபாரின்' இல்லை, பஸ் ரூட் மாதிரி ஒரு கப்பல் ரூட்.

மதியம் நாசி கண்டார். மலாய் மொழியில் நாசின்னா சோறு, கண்டார்னா தோளில் தடி வெச்சுச் சுமக்கிறது. நம்ம காவடியும் அடிப்படையில் அதே கருவிதான். ஒரு பக்கம் சோறு, இன்னொரு பக்கம் குழம்பு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இதைத் தோளில் சுமந்துக்கிட்டுப் போய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு வித்தாங்க. இன்னைக்கு ஏசி போட்ட கடையில் கிடைச்சாலும் பேர் மாறலை. "பாஞ்சிர்"னு சொன்னா எல்லாக் குழம்பையும் கலந்து ஊத்துவாங்க. அந்த வார்த்தைக்கு அர்த்தம் வெள்ளம். நாங்க சொன்னோம், சோறு மிதந்தது. பில் கட்டும்போது மலாய் மொழியில் கடைக்குக் 'கெடாய்', கப்பலுக்குக் 'கப்பால்', வியாபார முதலுக்கு 'மோடால்'னு தெரிஞ்சுது. மூணும் தமிழ்ல இருந்து போன சொற்கள். எந்த மாதிரி ஆட்கள் அங்கே போனாங்கன்னு இந்த மூணு வார்த்தையே சொல்லிடும்.

சாயங்காலம் கானாங்கெளுத்தி மீனும் புளியும் போட்ட அசாம் லக்சாவைக் குடிச்சுட்டுக் கடற்கரையில் உக்காந்திருந்தப்போ, 1941 பத்திப் பேச்சு வந்தது. அந்த வருஷம் டிசம்பர் 11-ல் ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ் டவுன் மேல குண்டு போட்டுச்சு. சில நாள்ல பிரிட்டிஷ்காரங்க ஐரோப்பியர்களை மட்டும் ராத்திரியோட ராத்திரியா ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. மத்த எல்லாரையும் அப்படியே விட்டுட்டாங்க. கோட்டையில் கொடி மட்டும் பறந்துட்டு இருந்தது. கொடி பறக்கிற வரைக்கும் குண்டும் விழும். அதை இறக்கினவர் 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' பத்திரிகையோட ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, ஒரு இலங்கைத் தமிழர். ஊரைக் காக்க இங்கே படை எதுவும் இல்லைன்னு ரேடியோவிலும் அறிவிச்சார். பாதுகாப்பு தர்றோம்னு கெடாவை ஏமாத்தி ஆரம்பிச்ச ஆட்சி, அந்த ஊரையே பாதுகாக்காம கிளம்பினது இப்படித்தான்.

இப்போ ரெண்டாவது கேள்வி. ராத்திரி சார் குவே தியாவ் சாப்பிட்ட தெருவில் ரெண்டு பக்கமும் பழைய கடைவீடுகள்: கீழே கடை, மேலே வீடு. இவை இடிபடாம நின்னதுக்கு ஒரு முக்கியக் காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948-க்கு முன்னாடி கட்டின வீடுகளுக்கு வாடகையை ஏத்த முடியாது, குடியிருக்கிறவங்களைச் சுலபமா வெளியேத்தவும் முடியாது. அதனால் தச்சர், தையல்காரர், சாப்பாட்டு வண்டிக்காரர் எல்லாம் ஊர் நடுவிலேயே வாழ முடிஞ்சது. 1997-ல் அந்தச் சட்டத்தை ரத்து பண்ணினாங்க. அவகாசம் 1999 கடைசியோட முடிஞ்சது. வாடகை எகிறினதும் நிறையக் குடும்பங்கள் கிளம்பிட்டாங்க. 2008-ல் யுனெஸ்கோ, ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. கட்டடத்துக்காக மட்டும் கொடுத்த அங்கீகாரம் இல்லை அது, அங்கே வாழற பல பண்பாடுகளுக்காகவும்தான். ஆனா அங்கீகாரம் வந்ததும் எங்களை மாதிரி ஆட்கள் வந்தோம். எங்களுக்காகக் கஃபேயும் பொட்டிக் ஹோட்டலும் வந்தது.

நாங்க தங்கினதும் அப்படி ஒரு கடைவீட்டு ஹோட்டல்தான். சுவத்தில் பழைய குடும்பப் படங்களை அழகா மாட்டியிருந்தாங்க. அந்தக் குடும்பம் இப்போ எங்கேன்னு ரிசப்ஷனில் கேட்டேன். அந்தப் பையனுக்குத் தெரியலை. அவனும் தீவில் குடியில்லையாம், தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வர்றானாம்.

பினாங்கு போனா ஒரு வேளையாவது தள்ளுவண்டியில் சாப்பிடுங்க. எத்தனை வருஷமா இங்கே கடை போடறீங்க, வீடு எங்கேன்னு கேளுங்க. பதில் கிடைச்சா எனக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.