லயத்து வீடும் பங்குச் சந்தையும்

'கொள்ளை நோய் வந்தால் முதல் போட்டவன் கதி என்ன?' என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நான் பொருளாதாரம் படித்தவள் அல்ல. தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து, ஒலிவாங்கியைப் பிடித்தே காலம் தள்ளுகிறவள். ஆனாலும் ஜொகூரில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நூறாண்டு இடைவெளியில் இரண்டு முறை இங்கே இந்தக் கதை நடந்திருக்கிறது. இரண்டிலும் ரப்பர் இருக்கிறது. நெருக்கியடித்துப் படுத்த தொழிலாளியும் இரண்டிலும் இருக்கிறான்.

முதல் கதை 1918-இல் நடந்தது. ஜொகூர் வழியான ரயில் பாதை 1909-இல் முடிந்திருந்தது. 1914-இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகர் வந்து அமர்ந்தார். சிகாமாட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று பாதையை ஒட்டிக் காடு அழிந்து ரப்பர் நிமிர்ந்தது. முதலின் பெரும்பகுதி லண்டனில் பங்கு வாங்கியவர்களுடையது. அவர்களில் பெரும்பாலோர் பால்மரத்தைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. சிங்கப்பூரை இணைக்கும் பாலம் அப்போது இல்லை. 1924-இல்தான் அது முறைப்படி திறக்கப்பட்டது.

அந்த ஆண்டு நடுப்பகுதியில் சளிக்காய்ச்சலாக வந்து போன நோய், அக்டோபரில் திரும்பி வந்தபோது ஆளைக் கொன்றது. கிழவரையும் குழந்தையையும் மட்டுமல்ல, வேலை செய்யும் வயதுக்காரர்களையும் அது தேடிப் பிடித்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டனர். மலாயாவில் பல்லாயிரம் பேர். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், ஓர் அறையில் பலர் என்று கட்டப்பட்ட லயங்களில், ஒருவர் இருமினால் வரிசையே இருமியது.

லண்டன் முதலீட்டாளருக்கு இதனால் எவ்வளவு நட்டம்? இங்கேதான் நேயர்கள் கவனிக்க வேண்டும். 1907-இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி ஒன்று ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் எல்லாரும் அதில் பணம் கட்ட வேண்டும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறுகிறவரின் செலவு அதிலிருந்து போனது. ஒரு தோட்டத்தில் ஆள் குறைந்தால் அடுத்த ஆளைக் கொண்டு வரும் செலவை எல்லாத் தோட்டங்களும் பகிர்ந்துகொண்டன. 1918-இல் சென்னை மாகாணத்தில் மழையும் பொய்த்தது. நோயும் பஞ்சமும் சேர்ந்து தள்ள, 1919-இல் முந்தைய ஆண்டைவிடக் கூடுதலானோர் இங்கே வந்து இறங்கினர். செத்தவனின் இடம் நிரம்பியது; முதல் பெரிதாக அசையவில்லை. சொல்லக் கசக்கிறது, ஆனால் கணக்கு அப்படித்தான் இருந்தது.

பங்குதாரரை உலுக்கியது நோயல்ல, விலை. 1920-இன் தொடக்கத்தில் ராத்தல் இரண்டு ஷில்லிங்குக்கு மேல் விற்ற ரப்பர், 1921-இல் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே விழுந்தது. உடனே லண்டனில் குழு கூடியது. 1922 நவம்பரில் மலாயாவிலும் இலங்கையிலும் ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டம் நடப்புக்கு வந்தது. விலையைக் காப்பாற்ற இரண்டே ஆண்டில் சட்டம் வந்துவிட்டது. அதே சரிவில் கூலி குறைக்கப்பட்டவருக்கு அப்படி ஒரு குழு அவசரமாகக் கூடவில்லை.

இரண்டாவது கதை நமக்கெல்லாம் தெரிந்தது. 2020 ஜனவரி 25-ஆம் தேதி, மலேசியாவின் முதல் கோவிட் நோயாளிகள் ஜொகூரில்தான் உறுதி செய்யப்பட்டனர். மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. மறுநாள் கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 1,219 புள்ளிக்கு இறங்கியது. ஆனால் ஆண்டு முடிவில் 1,627 புள்ளி! நாட்டின் பொருளாதாரம் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் சுருங்கிய அதே ஆண்டில் சந்தை மேலே ஏறி நின்றது. வட்டி விகிதம் 1.75 விழுக்காட்டுக்குக் குறைக்கப்பட்டதும், வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கைத்தொலைபேசியில் பங்கு வாங்கியதும் அதற்குக் காரணம்.

அவர்களில் பலர் வாங்கியது கையுறைப் பங்கு. மீண்டும் ரப்பர்! (பெரும்பகுதி இப்போது செயற்கை ரப்பர்தான் என்பதைத் தோட்டத்து அண்ணன்மார் சொல்லிவிடுவார்கள்.) டாப் குளோவ் பங்கு 2020 ஆகஸ்டில், பின்னால் வந்த போனஸ் பங்கைக் கழித்துப் பார்த்தால், 9 வெள்ளியைத் தாண்டியது. 2021 நிதியாண்டில் அந்நிறுவனம் 700 கோடி வெள்ளிக்கு மேல் லாபம் பார்த்தது. 2022 இறுதியில் அதே பங்கு ஒரு வெள்ளிக்கும் கீழ். உச்சத்தில் ஏறியவர்களில் ஓய்வூதியத் தொகையோடு வந்தவர்களும் உண்டு.

இடையில் நடந்ததை மறக்கக் கூடாது. 2020 நவம்பரில் அந்த நிறுவனத்தின் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் விடுதிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்டது. 28 தொழிற்சாலைகளைக் கட்டங்கட்டமாக மூட உத்தரவு பிறந்தது. படுக்கைக்கு மேல் படுக்கை. லயம் மாடி கட்டிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990-ஆம் ஆண்டு 446-ஆவது சட்டம் முன்பு தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் உரியதாக இருந்தது. 2019-இல் திருத்தி, 2020 ஜூன் முதல்தான் மற்ற துறைகளுக்கும் விரித்தார்கள். லயத்துக்காக வந்த சட்டம் தொழிற்சாலை விடுதிக்கு வந்து சேர முப்பதாண்டு ஆயிற்று.

எல்லாரும் கேட்கும் கேள்வி சேமநிதி. நான்கு திட்டங்களில் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளியை எடுத்தனர். 2021 தொடக்கத்தில் 10,000 வெள்ளி எடுத்தவர், அதை எடுக்காமல் விட்டிருந்தால் அந்தந்த ஆண்டு லாப ஈவோடு 2024 இறுதியில் 12,500 வெள்ளிக்கு மேல் இருந்திருக்கும். ஆனால் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டிய 2021-ஆம் ஆண்டில் இந்தக் கணக்கை யாரிடம் சொல்வது? அரிசி வாங்க எடுத்தவர் வேறு, கையுறைப் பங்கு வாங்க எடுத்தவர் வேறு. இருவரையும் ஒரே தட்டில் வைத்து 'சேமிக்கத் தெரியாதவர்கள்' என்று சிலர் பேசியது எனக்கு உடன்பாடில்லை.

ஜொகூருக்கே உரிய அடி வேறு. தினமும் மூன்று லட்சம் பேருக்கு மேல் கடந்த எல்லை ஒரே இரவில் அடைபட்டது. ஆகஸ்டில் வந்த ஏற்பாட்டின்படி, அக்கரையில் வேலை செய்தவர் 90 நாள் தங்கிய பிறகே வீட்டுக்கு வரலாம். சிங்கப்பூர் சம்பளத்தை நம்பி மாசாயிலும் ஸ்கூடாயிலும் வாடகைக்கு விட வீடு வாங்கிய நம்மவர்கள் உண்டு. பெரிய முதலீட்டாளர்கள் அல்ல. இரண்டாவது வீடே ஆயுள் சேமிப்பு. அவர்களுக்கு ஆறு மாதக் கடன் ஒத்திவைப்பு செப்டம்பரில் முடிந்தது, எல்லை முடியவில்லை. வீட்டுக்கடனுக்கு அந்த ஆறு மாத வட்டியும் ஏறிக்கொண்டே இருந்தது. ஜாலான் உங்கு புவானில் சிங்கப்பூர்க்காரர்களை எதிர்பார்த்திருந்த புடவைக் கடைக்கும் பூக்கடைக்கும் வாடகை மட்டும் நிற்கவில்லை.

2022 ஏப்ரல் 1, நள்ளிரவு. எல்லை முழுமையாகத் திறந்ததும் மோட்டார் சைக்கிள்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு பாலத்தில் ஏறின. பிறகு ஜொகூர் பாருவில் வாடகை மெல்ல ஏறத் தொடங்கியது. தவணை கட்ட முடியாமல் 2021-இலேயே கிடைத்த விலைக்கு வீட்டைக் கொடுத்தவருக்கு அதில் பங்கில்லை. இரண்டாண்டு தாக்குப்பிடித்துக் காத்திருந்து வாங்கியவருக்குத்தான் அந்த வாடகை போகிறது.