உள்ளத்தின் நோய்க்கும் மருத்துவம் கண்ட முன்னோர்கள்



காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுகிறோம். சர்க்கரை நோய்க்கு ஆயுள் முழுவதும் மாத்திரை உண்ணவும் தயங்குவதில்லை. அதே வீட்டில் ஒருவர் உறக்கமும் உணவும் இழந்து, எவரிடமும் பேசாமல் மாதக்கணக்கில் ஒடுங்கிக் கிடந்தால், "ஈமான் பலவீனமாகிவிட்டது" என்கின்றனர் சிலர். "ஜின் தீண்டிவிட்டது" என்கின்றனர் வேறு சிலர். வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று வீட்டார் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். இதுதான் நம் முன்னோர் காட்டிய வழி என்று எண்ணுவோரும் உள்ளனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் நகரை அடுத்த ஷாமிஸ்தியான் என்னும் சிற்றூரில், கி.பி. 850 அளவில் ஒரு பள்ளி ஆசிரியருக்கு மகனாகப் பிறந்தவர் அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) அவர்கள். இராக் சென்று கல்வி கற்றுத் திரும்பிய அவர் மார்க்கம், தத்துவம், மருத்துவம் ஆகிய துறைகளில் நூல்கள் எழுதினார். உலக வரைபடக் கலையிலும் ஒரு வழிமுறை அவர் பெயராலேயே வழங்குகிறது. ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல் வஃபாத்தானார். அவருடைய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலின் பெயருக்கு 'உடல்களின் நலன்களும் உள்ளங்களின் நலன்களும்' என்பது பொருள். உணவு, தண்ணீர், உறைவிடம், உறக்கம் எனத் தொடங்கும் முதற் பகுதி உடலுக்கு உரியது. இரண்டாம் பகுதி முழுவதும் உள்ளத்திற்கு உரியது. மருத்துவர்கள் தம் நூல்களில் உடலைப் பற்றியே எழுதி, உள்ளத்தின் பிணிகளை விட்டுவிடுகின்றனர் என்று அக்காலத்திலேயே அவர் குறைபட்டுக்கொண்டார்.

உள்ளத்தைத் தாக்கும் பிணிகளைக் கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் என நான்காக அவர் வகுத்தார். இவற்றுள் துக்கத்தைப் பற்றி அவர் எழுதியதே என்னை மிகவும் வியக்க வைப்பது. துக்கம் இரு வகைப்படும் என்கிறார். ஒன்று, காரணம் தெரிந்த துக்கம்: உற்றவரை இழத்தல், பொருளை இழத்தல் போன்றவற்றால் வருவது. மற்றொன்று, காரணம் இன்னதென்று துக்கப்படுபவருக்கே தெரியாத துக்கம். முதல் வகைக்கு ஆறுதல் மொழியும் அறிவுரையும் சிந்தனைப் பயிற்சியும் மருந்து. இரண்டாம் வகையின் வேர் உடலில் இருப்பதால் உடலுக்கே மருத்துவம் செய்ய வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், இருபதாம் நூற்றாண்டின் மனநல மருத்துவர்களும் மனச்சோர்வை இவ்வாறே இரண்டாகப் பிரித்தனர். இரத்தம் கெடுவதால் இந்நோய் வருகிறது என்ற அவருடைய விளக்கத்தை இன்று எவரும் ஏற்பதில்லை. இரு வகைகளுக்கும் இடையே அவ்வளவு தெளிவான கோடு இல்லை என்றும், பரம்பரை, மூளையின் இயக்கம், இளமையில் பட்ட துன்பம், இழப்பு, வறுமை ஆகியவை பின்னிப் பிணைந்தே நோயை உண்டாக்குகின்றன என்றும் இன்றைய ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும், காரணத்தைத் தேடி அதற்கேற்ப மருத்துவம் செய் என்ற அவருடைய முறை நிலைத்து நிற்கிறது.

துக்கம் ஈமானின் குறைவு என்போர், மகனைப் பிரிந்த துயரத்தால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆன் கூறுவதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஹவுளின் ஓரத்தில் அமர்ந்து, கழுவிய கையையே மீண்டும் மீண்டும் கழுவி ஜமாஅத்தைத் தவறவிடும் சகோதரர்களை எந்த இமாமும் அறிவார். வஸ்வாஸைப் பற்றி எழுதும் பல்கீ அவர்கள், அது ஷைத்தானால் வருகிறது என்போரின் கருத்தையும், உடலில் மிகும் கரும்பித்தத்தால் வருகிறது என்போரின் கருத்தையும் எடுத்துரைக்கிறார். அத்தகையவர் தனிமையில் இருக்க வேண்டாம், மக்களோடு கலந்து வேலைகளில் ஈடுபடட்டும் என்கிறார். அச்சம் கொண்டவரோ, தாம் அஞ்சும் பொருளைக் காணவும் கேட்கவும் சிறிது சிறிதாகத் தம்மைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்கிறார். இன்று மருந்துடனோ மருந்தின்றியோ அளிக்கப்படும் பயிற்சிச் சிகிச்சையும், அஞ்சுவதை எதிர்கொள்ளப் படிப்படியாகப் பழக்குவதே. வஸ்வாஸ் குறித்த அவருடைய விவரிப்பு இக்கால மருத்துவ இலக்கணத்தோடு பெரிதும் ஒத்துப்போவதை 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை எடுத்துக்காட்டியது.

ஏட்டில் இருந்த இந்த அறிவு மருத்துவமனைகளிலும் இடம் பெற்றது. கி.பி. 872 அளவில் எகிப்தின் ஃபுஸ்தாத்தில் அஹ்மத் இப்னு தூலூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அவரே சென்று பார்வையிடுவார். ஒருநாள் ஒரு நோயாளி மாதுளம்பழம் கேட்டு வாங்கி, அதை அவர் மார்பிலேயே எறிந்துவிட்டார். அதன்பின் அவர் அங்குச் செல்லவில்லை என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸீ எழுதுகிறார். டமாஸ்கஸில் நூருத்தீன் ஸன்கீ 1154இல் நிறுவிய மருத்துவமனையை, அந்தலூஸிலிருந்து வந்த பயணி இப்னு ஜுபைர் 1184இல் கண்டார். நோயாளிகளின் பெயர்களும், ஒவ்வொருவருக்கும் உணவுக்கும் மருந்துக்கும் ஆகும் செலவும் பதிவேடுகளில் எழுதப்பட்டிருந்தன. மருத்துவர்கள் நாள்தோறும் காலையில் வந்து பார்த்தனர். பிற்காலத்தில் துருக்கியின் எதிர்னே நகரில், 1488இல் சுல்தான் இரண்டாம் பாயஸீத் கட்டிய மருத்துவமனையில் நோயாளிகளுக்காக இசைக் கலைஞர்களும் அமர்த்தப்பட்டிருந்தனர்.

பெருமையை மட்டும் சொல்லிக்கொண்டு போவது வரலாறு ஆகாது. மாதுளம்பழம் எறிந்த அந்த நோயாளி விலங்கிடப்பட்டிருந்தார். டமாஸ்கஸிலும் மனநோயாளிகள் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததை இப்னு ஜுபைர் மறைக்காமல் எழுதியுள்ளார். ஆனால் அந்தச் சங்கிலியின் அருகே மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது, வக்ஃபின் வருமானம் இருந்தது.

நம் காலத்தில், நம் மாநிலத்தில் சங்கிலி மட்டுமே எஞ்சியது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி அழைத்து வரப்பட்ட மனநோயாளிகளைத் தனியார் இல்லங்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு தங்கவைத்திருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் அவற்றுள் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் பறிபோயின. அவர்களுள் பல சமயத்தவரும் இருந்தனர். அம்மாதமே அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர். உச்ச நீதிமன்றமும் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

புத்தி பேதலித்தவர் மீது தொழுகை, நோன்பு கடமையில்லை என்பது ஃபிக்ஹின் சட்டம். அவர் குற்றவாளி அல்லர், நோயாளி என்பதே அதன் பொருள். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால், ஓதிவிட்டோம் என்று சொல்லி மருத்துவர் கொடுத்த மாத்திரையை இடையில் நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கும். சிலருக்கு முன்னினும் கடுமையாகும். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதில் உடல் நோய் வேறு, உள்ளத்து நோய் வேறு என்ற பாகுபாடு இல்லை.

மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோர் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி மனநலச் சிகிச்சை பெறும் உரிமையையும் அதே சட்டம் அளித்துள்ளது. மருத்துவமனை வாசலில் யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்று தயங்கும் குடும்பத்தார், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.