வாக்குகளால் தீர்மானிக்கப்பட்ட வெற்றிக்கிண்ணம்

விளையாட்டில் வென்றவர் யார் என்பதை மைதானமே தீர்மானிக்க வேண்டும் என்பது எவரும் ஒப்புக்கொள்ளும் நியாயமாகும். ஆயின், ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான அமெரிக்க உதைபந்தாட்டத்தில் தேசிய சம்பியனைப் பல தசாப்தங்களாகத் தீர்மானித்தவர்கள் பத்திரிகையாளர்களும் பயிற்றுநர்களுமே ஆவர். முட்டைவடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் இவ்வாட்டம் நாம் அறிந்த உதைபந்தாட்டத்திலிருந்து வேறானது. எனினும், தீர்ப்பு வழங்கும் அதிகாரம் எவரிடம், எவ்விதம் இருக்க வேண்டும் என்ற கேள்வியை எழுப்புவதால் இதன் வரலாறு நமது கவனத்துக்கும் உரியதாகிறது.

ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகியவற்றுக்கிடையே 1869 நவம்பர் 6 ஆம் திகதி நடைபெற்ற போட்டியே இதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. காலப்போக்கில் உயர்பிரிவு அணிகளின் தொகை நூறைத் தாண்டியது. ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடுவதோ பத்து, பன்னிரண்டு ஆட்டங்களே. இதனால் சிறந்த அணிகள் பல ஒன்றையொன்று சந்திப்பதேயில்லை. 1906 இல் உருவான தேசியக் கல்லூரி மெய்வல்லுநர் சங்கமும் இவ்வுயர்பிரிவுக்கெனச் சம்பியன் போட்டி எதனையும் நடத்தவில்லை. இந்த வெற்றிடத்தைப் பிறர் நிரப்ப முற்பட்டனர்.

இலினோய் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பிராங்க் டிக்கின்சன் 1926 இல் கணித முறையிலான தரவரிசையொன்றை அறிமுகப்படுத்தினார். இனப்பாகுபாடு நிலவிய அக்காலத்தில், கறுப்பினத்தவரின் கல்லூரிகளுக்கான சம்பியனைப் 'பிட்ஸ்பேர்க் கூரியர்' பத்திரிகை 1920 முதல் தனியே அறிவித்து வந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் விளையாட்டு ஆசிரியர் அலன் கூல்ட் 1935 இல் மூன்று அணிகளைச் சமநிலையில் முதலிடத்தில் வைத்தபோது, மினசோட்டா ஆதரவாளர்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டு அந்நிறுவனம் பத்திரிகையாளர்களின் வாக்குகளைப் பெற்று வாராந்தத் தரவரிசையை வெளியிடத் தொடங்கியது. அதன் முதற் சம்பியனாக மினசோட்டாவே தெரிவானது. அப்பருவத்தில் அதனைத் தோற்கடித்த நோர்த்வெஸ்டேர்ன் ஏழாமிடத்தில் வைக்கப்பட்டது. சர்ச்சை கணிப்புடன் கூடவே பிறந்தது எனலாம்.

1950 இல் யுனைட்டட் பிரஸ் நிறுவனம் பயிற்றுநர்களின் கணிப்பை ஆரம்பித்தது. தீர்ப்பாளர் இருவரானதும் தீர்ப்பும் இரண்டாகியது. 1954 இல் பத்திரிகையாளர்கள் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்ய, பயிற்றுநர்கள் லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்தனர். புத்தாண்டையொட்டிய 'பௌல்' ஆட்டங்களுக்கு முன்னரே இறுதி வாக்களிப்பு நடைபெற்றமை மற்றொரு குறையாகும். 1964 ஆம் ஆண்டுப் பருவத்தின் சம்பியனாக அறிவிக்கப்பட்ட அலபாமா, அடுத்து வந்த புத்தாண்டு தினத்தில் டெக்சாஸிடம் தோற்றது. பட்டமோ அதனிடமே இருந்தது.

1966 ஆம் ஆண்டின் சர்ச்சை இன்றும் ஓயவில்லை. முதலிரு இடங்களிலிருந்த நொட்டர்டேம், மிச்சிகன் மாநில அணிகள் 10-10 எனச் சமநிலையில் முடித்தன. இறுதி நேரத்தில் பந்து தன் வசமிருந்தும் நொட்டர்டேம் வெற்றிக்கு முயலாது நேரத்தைக் கடத்தியது. ஆயினும் அதற்கே பட்டம் கிடைத்தது. ஆடிய அனைத்திலும் வென்ற அலபாமா மூன்றாமிடத்திலேயே விடப்பட்டது. அலபாமா அணியில் அன்று கறுப்பின வீரர் எவரும் இடம்பெறாமை வாக்காளர்களின் மனதைப் பாதித்ததா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. வாக்காளர் தமது காரணத்தைக் கூறக் கடமைப்படாத முறையில் இதற்கு விடை கிடைக்கப்போவதில்லை.

1990 இல் கொலராடோ, மிசூரிக்கெதிரான ஆட்டத்தில் நான்கு முயற்சிகளே அனுமதிக்கப்படும் இடத்தில், நடுவர்களின் தவறால் ஐந்தாவது முயற்சியையும் பெற்று 33-31 என வென்றது. அப்பருவத்தில் பத்திரிகையாளர் பட்டம் கொலராடோவுக்கும், பயிற்றுநர் பட்டம் ஜோர்ஜியா டெக்குக்கும் சென்றன. 1991, 1997 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் இவ்வாறே பிளவுண்டது.

இதற்குத் தீர்வாக, வாக்கெடுப்புகளையும் கணினிக் கணிப்புகளையும் இணைத்து முதலிரு அணிகளை மோதவிடும் முறை 1998 இல் நடைமுறைக்கு வந்தது. 2003 இல் இரு வாக்கெடுப்புகளிலும் முதலிடம் பெற்ற தென் கலிபோர்னியாவைச் சூத்திரம் மூன்றாமிடத்துக்குத் தள்ளியது. இறுதியாட்டத்தில் லூசியானா மாநில அணி வென்றது; பத்திரிகையாளர்கள் தென் கலிபோர்னியாவுக்கே வாக்களித்தனர். அடுத்த பருவத்தில் ஒபேர்ன் அணி 13 ஆட்டங்களிலும் வென்றும் பட்டம் பெறவில்லை. தனது கணிப்பைப் பயன்படுத்த வேண்டாமென அசோசியேட்டட் பிரஸ் 2004 டிசம்பரில் விலகிக்கொண்டது.

2014 இல் தெரிவுக்குழுவொன்று நான்கு அணிகளைத் தெரிந்து மோதவிடும் முறை வந்தது. 2023 இல் 13 ஆட்டங்களிலும் வென்ற புளோரிடா மாநில அணி, அதன் முன்னணி வீரர் காயமுற்ற நிலையில், இந்நால்வருள் சேர்க்கப்படவில்லை. 2024 ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து 12 அணிகள் சேர்க்கப்பட்டன. அம்முறையின் முதற் சம்பியனாக ஒஹாயோ மாநில அணி தெரிவானது.

அணிகளைப் பன்னிரண்டாக்கியபோதும் பதின்மூன்றாவது அணிக்கு மனக்குறை இருக்கவே செய்யும். ஆனால் இருமுறை தோற்ற ஓர் அணியின் மனக்குறையும் ஒருமுறையேனும் தோற்காத அணியின் மனக்குறையும் ஒன்றல்ல. முன்னையதிடம் அதன் தோல்வியைச் சுட்டிக்காட்டலாம். பின்னையது, இதற்குமேல் தான் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டால், தெரிவாளரிடம் பதிலில்லை. தீர்ப்பளிப்போர் எத்துணை நேர்மையாளராயினும், விதி முன்கூட்டியே அறிவிக்கப்படாது, காரணமும் கூறப்படாதவிடத்து, தோற்றவருக்குத் தோல்வியை ஏற்கும் மனம் வராது. வென்றவரின் வெற்றியும் முழுமை பெறாது. ஒரு நூற்றாண்டுக் கால வாதப்பிரதிவாதங்கள் உணர்த்தும் பாடம் இதுவேயென நாம் கருதுகிறோம்.