முன்னாள் படைவீரர் உதவித்தொகை மோசடித் தடுப்பு (அமெரிக்கா)

போரில் ஊனமுற்றோ நோயுற்றோ திரும்பும் வீரருக்கு அமெரிக்க அரசு தரும் பணத்தில் இடைத்தரகர்கள் கைவைக்காமல் தடுக்கும் முயற்சி, உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஓய்வூதிய மனு எழுதிக் கொடுப்பவருக்கு 1862ஆம் ஆண்டுச் சட்டம் 5 டாலர் கூலி வரம்பு வைத்தது. 1864இல் அது 10 டாலரானது. அந்தப் பத்து டாலர் நூற்றாண்டைத் தாண்டியும் மாறவில்லை. அது செல்லும் என்றே 1985இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 1988இல்தான் சட்டம் தளர்ந்தது.

இன்று, முதல் மனுவைத் தயாரித்துத் தர யாரும் காசு வாங்கக் கூடாது. முன்னாள் படைவீரர் நலத்துறையின் அங்கீகாரம் பெற்றவரே அதைச் செய்யலாம். அமெரிக்கன் லீஜியன் போன்ற சங்கங்கள் இதை இலவசமாகவே செய்கின்றன. வீரர் படிவம் 21-22இல் கையெழுத்திட்டு, அத்தகைய சங்கத்தைத் தம் சார்பாளராக நியமிக்கிறார். துறையின் முடிவை எதிர்த்து வாதாடும், அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞரோ முகவரோ மட்டும் கட்டணம் பெறலாம். வீரருக்குக் கிடைக்கும் நிலுவைத் தொகையில் 20 விழுக்காடு வரை நியாயமானதாகவும் 33⅓ விழுக்காட்டுக்கு மேல் நியாயமற்றதாகவும் கருதப்படும்.

ஆனால் வேலியில் முள் இல்லை. விதியை மீறிக் கட்டணம் வாங்குவோருக்கு இருந்த குற்றவியல் தண்டனையை 2006ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் நீக்கிவிட்டது. இன்றைய சிக்கலுக்கு ஆணிவேர் இதுவே. திறந்த குழிகளில் குப்பை எரித்த புகையால் நோயுற்றவர்களுக்கும் உரிமையை விரித்த பாக்ட் சட்டம் 2022இல் வந்ததும் மனுக்கள் குவிந்தன. மக்கள் 'சுறாக்கள்' என்றழைக்கும் அங்கீகாரமற்ற நிறுவனங்களும் பெருகின. அவற்றின் ஒப்பந்தத்தில் 'மனு தயாரிப்பு' என்ற சொல்லே இருக்காது. 'ஆலோசனை', 'பயிற்சி' என்றிருக்கும். கூலியோ, கூடும் மாதத் தொகையைப் போல் ஐந்து மடங்கு என்ற கணக்கில் வரும். மாதம் 1,000 டாலர் கூடினால் 5,000 டாலர் அவர்களுக்கு. சங்கத்துக்குப் போயிருந்தால் அந்த வீரருக்கு ஒரு காசும் செலவாகியிருக்காது. நியூஜெர்சி மாநிலம் 2023இல் தன் அளவில் தடைச் சட்டம் இயற்றியது.

முதியவர்களைக் குறிவைப்பது வேறொரு வகை மோசடி. போர்க்காலத்தில் பணியாற்றி இப்போது வருமானம் குறைந்திருப்பவருக்கான ஓய்வூதியம் உங்களுக்கும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி, சொத்து குறைவாகத் தெரியும்படி சேமிப்பை அறக்கட்டளைக்கோ ஆண்டுத்தொகைத் (ஆன்யூட்டி) திட்டத்துக்கோ தரகர்கள் மாற்ற வைப்பார்கள். தரகுப் பணம் அவர்கள் பைக்குப் போகும். 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, மனுவுக்கு முந்தைய 36 மாதச் சொத்து மாற்றங்களைத் துறை ஆராய்கிறது. தகுதி பெறுவதற்காகக் குறைந்த விலைக்கோ இனாமாகவோ மாற்றியது தெரிந்தால் 5 ஆண்டு வரை ஓய்வூதியம் மறுக்கப்படும். அந்தத் தண்டனை விழுவது யோசனை சொன்னவர் மேல் அல்ல, கையெழுத்திட்ட முதியவர் மேல்.