இருநூறு அடியும் இராஜகோபுரமும்: திருச்சி வானில் ட்ரோன் விதியை வாசித்தல்

பயணிகள் விமானமும் ட்ரோனும் வானில் ஆபத்தாக நெருங்கும் வாய்ப்பை, விமான நிலையத்திலிருந்து உள்ள தொலைவையும் பதிவான விதிமீறல்களின் எண்ணிக்கையையும் கொண்டு அளப்பது இத்துறையில் வழக்கமாகிவிட்டது. திருச்சியைப் பொறுத்தவரை இரண்டு அளவுகோல்களும் நம்மைத் தவறான திசையில் பார்க்க வைக்கின்றன என்பதே என் வாதம்.

2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளில் பச்சை மண்டலத்தை வரையறுக்கும் பகுதியே இங்கு மையச் சான்று. இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லைக்கு அப்பால் 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள வளையத்தில், தரையிலிருந்து 200 அடி வரை பச்சை மண்டலம். அதற்கு மேல் மஞ்சள் மண்டலம், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். முந்தைய ஆய்வுகள் இந்த வளையத்தைத் தட்டையாகவே வாசித்து, உள்ளே இருப்பவரையெல்லாம் ஒரே தட்டில் நிறுத்தின. அதற்குள் நிற்கும் கட்டடங்களை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திருவரங்கம் விமான நிலையத்துக்கு வடக்கே, நேர்க்கோட்டில் சுமார் 10 கி.மீ. தொலைவில், இந்த வளையத்துக்குள் இருக்கிறது. 1987இல் முழுமைபெற்ற தெற்கு இராஜகோபுரம் 13 நிலை, 236 அடி. அனுமதியின்றிப் பறக்கத்தக்க உச்சத்தில் நிற்கும் கேமரா, கலசங்களை அண்ணாந்துதான் பார்க்க முடியும். காவிரியும் கொள்ளிடமும் ஒரே சட்டத்தில் விழ வேண்டும் என்று விரும்பும் ஒளிப்பதிவாளர் அந்த உயரத்தோடு நிற்பார் என எதிர்பார்ப்பது மனித இயல்பை அறியாமை. (கோயில் நிர்வாகத்தின் அனுமதி தனி விஷயம், அது வான்விதி அன்று.) ஆக, இங்கே மீறலைத் தூண்டுவது கோபுரத்தின் உயரம். அந்த மீறலை விமானத்துக்கான ஆபத்தாக அப்படியே பெயர்த்து எழுதலாமா என்பதுதான் கேள்வி.

எழுத முடியாது என்றே கருதுகிறேன். திருச்சியின் ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. 2018 அக்டோபர் 12 அதிகாலையில் துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஆன்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் இடித்ததும் இந்த அச்சில்தான். விமானம் தாழ்வாகப் பறப்பது அங்கேதான். வழக்கமான 3 பாகைச் சரிவில் இறங்கும் விமானம், ஓடுதள முனைக்கு 10 கி.மீ. முன்னால் ஏறத்தாழ 1,700 அடி உயரத்திலும், 3 கி.மீ. முன்னால் 600 அடிக்குச் சற்றுக் கீழேயும் இருக்கும். கிழக்கே துவாக்குடிப் பக்கம் விமான நிலையத்திலிருந்து கிட்டத்தட்ட திருவரங்கத்தின் தொலைவுதான். விதியும் அதே விதி. ஆனால் சந்தையில் கிடைக்கும் பல கேமரா ட்ரோன்களின் மென்பொருள் உச்சவரம்பு 500 மீட்டர், அதாவது சுமார் 1,640 அடி. துவாக்குடியில் அந்த உச்சம் இறங்குபாதையைத் தொட்டுவிடும் நெருக்கத்துக்கு வருகிறது. திருவரங்கத்தில் கலசத்துக்கு மேல் 50 அடி ஏறிய ட்ரோனுக்கு அந்தப் பாதையோடு தொடர்பே இல்லை. இருந்தும் மக்கள் கூடும் இடத்தில் நடப்பதால் எளிதில் கண்ணில் படுவது இரண்டாவதுதான்.

விமானங்கள் வட்டமடிப்பதும் உண்டே என்பார்கள். 2024 அக்டோபர் 11 அன்று ஹைட்ராலிக் கோளாறால் ஷார்ஜா விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திருச்சியைச் சுற்றியது; அது சில ஆயிரம் அடி உயரத்தில். இந்த மறுப்பு நெடுநேரம் நிற்காது.

கண்சாட்சியம் வேறு வகைச் சிக்கல். 2016 ஏப்ரலில் ஹீத்ரோவில் ட்ரோன் மோதியதாகச் சொல்லப்பட்டது பிளாஸ்டிக் பையாகவும் இருந்திருக்கலாம் என்று பின்னர் பிரிட்டிஷ் அமைச்சரே கூறினார். 2023 நவம்பரில் இம்பால் விமான நிலையத்தை மணிக்கணக்கில் முடக்கிய பொருளைத் தேடிப்போன ரஃபேல் விமானங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. இத்தகைய பதிவுகளைக் கூட்டிக் கிடைக்கும் தொகையை எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும்.

இன்னொன்று. பொதுவாக ட்ரோன் காட்டும் உயரம் அது கிளம்பிய இடத்திலிருந்து அளந்தது. விதியோ தரையிலிருந்து அளக்கிறது. திருவரங்கத்தின் உத்தர வீதியில் நான்காம் மாடி மொட்டைமாடியிலிருந்து ஏற்றினால், திரையில் 170 அடி என்று வரும்போதே வரம்பு தாண்டியிருக்கும். ஓட்டுபவர் 30 அடி பாக்கி இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். கிளம்பிய இடத்தைக் குறிக்காத எந்த மீறல் பதிவையும் இனி உயரத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.