பழைய ஊற்றுப் பேனா சேகரிப்பு: வரலாறும் வணிகமும்

பழைய ஊற்றுப் பேனா சேகரிப்பு என்பது, பந்துமுனைப் பேனா பரவுவதற்கு முன்பு அன்றாடம் எழுதப் பயன்பட்ட மைப் பேனாக்களைத் தேடி வாங்கி, பழுது நீக்கி, அவற்றின் வரலாற்றை அறிந்து, பாதுகாத்தும் பரிமாறியும் வரும் பொழுதுபோக்கு ஆகும். அஞ்சல்தலை, நாணயம் ஆகியவற்றின் சேகரிப்பை ஒத்ததே இதுவும். ஆனால் நாணயத்தைப் பிரித்து வேறு நாணயத்தோடு சேர்க்க முடியாது. பேனாவோ மூடி, உடல், கழுத்து, முள், மையூட்டி எனப் பல உறுப்புகளால் ஆனது. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டலாம். எனவே பழைய பேனா ஒன்று கைக்கு வந்ததும் சேகரிப்பாளர் கேட்கும் முதல் கேள்வி, இதன் உறுப்புகள் தொடக்கம் முதல் ஒன்றாக இருந்தவையா என்பதே. இந்தக் கேள்விக்கு விடை காணத் தேவையான வரலாற்றையும், அந்த விடையை நம்பி நடக்கும் வணிகத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஊற்றுப் பேனாவின் தோற்றம்

இறகுப் பேனாவையும் தொட்டு எழுதும் இரும்பு முள்ளையும் பயன்படுத்தியவர்கள் சில சொற்களுக்கு ஒருமுறை மைக்கூட்டை நாட வேண்டியிருந்தது. மையைப் பேனாவுக்குள்ளேயே வைக்கும் முயற்சி பலராலும் மேற்கொள்ளப்பட்டது. பாரிசில் படித்த ருமேனிய மாணவர் பெட்ராக்கே பொயெனாரு 1827ஆம் ஆண்டு மே 25 அன்று இத்தகைய பேனா ஒன்றுக்குப் பிரெஞ்சுக் காப்புரிமை பெற்றார்.

மையை உள்ளே அடைப்பது எளிது. அதை அளவாக வெளியே விடுவதுதான் கடினம். பேனாவிலிருந்து மை இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். காற்று போகாவிட்டால் மை வராது. மிகுதியாகப் போனால் தாளில் மை கொட்டிவிடும். நியூயார்க்கில் வாழ்ந்த லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்ற பேனாவில், முள்ளின் அடியில் அமைந்த மையூட்டியில் நுண்ணிய கீறல்கள் இருந்தன. நம் ஊர்ப் பேச்சில் 'நாக்கு' எனப்படும் உறுப்பு இதுவே. நுண்துளை ஈர்ப்பினால் மை அந்தக் கீறல்கள் வழியே சீராக இறங்கியது. காற்றும் அளவாக உள்ளே சென்றது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்னும் ஊரில் தந்திப் பயிற்சி ஆசிரியராக இருந்தவர் ஜார்ஜ் பார்க்கர். தம் மாணவர்களுக்குப் பேனா விற்றுவந்த அவர், அவை ஒழுகும்போதெல்லாம் தாமே பழுது பார்த்துக் கொடுத்தார். அந்த அனுபவத்தில் 1888இல் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1894இல் அவர் கொண்டுவந்த வளைந்த மையூட்டி, பேனாவைச் சட்டைப்பையில் நிமிர்த்தி வைக்கும்போது எஞ்சிய மையை உட்புறச் சுவரின் வழியே திரும்ப இழுத்துக்கொண்டது.

மை நிரப்பும் முறைகள்

தொடக்கக் காலப் பேனாக்களின் கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் மையைச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். கையிலும் உடையிலும் மை படியும் இத்தொல்லையை நீக்க நிறுவனங்கள் போட்டியிட்டன. ஒவ்வொரு நிறுவனமும் மற்றதன் காப்புரிமையைத் தவிர்க்க வேண்டியிருந்ததால் பல வழிகள் பிறந்தன.

கான்க்லின் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறை வடிவ உலோகத் துண்டு ஒன்றைப் பேனாவின் உடலில் பொருத்தியது. அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் ரப்பர் பை சுருங்கும். விட்டால் விரிந்து மையை உறிஞ்சும். அயோவா மாநிலத்து நகைக்கடைக்காரர் வால்டர் ஷீஃபர் 1908இல் நெம்புகோல் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியின் பெலிக்கன் 1929இல் ரப்பர் பையே இல்லாமல், பின்குமிழைத் திருகினால் மையை உறிஞ்சும் பிஸ்டன் பேனாவை விற்கத் தொடங்கியது. 1941இல் சந்தைக்கு வந்த பார்க்கர் 51இல் முள்ளின் பெரும்பகுதி கூடு போன்ற உறைக்குள் மறைந்திருந்தது. 1948 முதல் அதில் அழுத்தி நிரப்பும் புதிய முறை இடம்பெற்றது.

உடல் செய்யப்பட்ட பொருளும் மாறியது. முதலில் ரப்பரோடு கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய எபோனைட் பயன்பட்டது. 1924இல் ஷீஃபர் செல்லுலாய்டு பேனாக்களை அறிமுகப்படுத்தியது. 1921இல் சிவப்பு எபோனைட்டில் வெளிவந்த பார்க்கர் டியூஃபோல்டு, 1926 முதல் செல்லுலாய்டில் செய்யப்பட்டது. ஆகவே நிரப்பும் முறையும் பொருளும் சேர்ந்தே ஒரு பேனாவின் வயதைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

பந்துமுனைப் பேனாவும் சேகரிப்பின் தொடக்கமும்

அங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பிரோ உருவாக்கிய பந்துமுனைப் பேனா, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருவணிகமானது. 1945 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில் ரெனால்ட்ஸ் பந்துமுனைப் பேனா 12.50 டாலருக்கு விற்பனைக்கு வந்தபோது மக்கள் முண்டியடித்து வாங்கினர். சில ஆண்டுகளில் அதன் விலை சரிந்தது. ஊற்றுப் பேனா அன்றாடத் தேவை என்னும் நிலையை இழந்தது. பழுதுபார்க்கும் பிரிவுகள் மூடப்பட்டன. உதிரி உறுப்புகள் கழிவாயின. பொன் விலை ஏறியபோதெல்லாம் 14 காரட் முட்கள் பிடுங்கப்பட்டு உருக்கப்பட்டன. முள்ளில்லாத பழைய பேனாக்கள் இன்று ஏராளமாகக் கிடைப்பதற்கு இது ஒரு காரணம்.

மேலை நாடுகளில் 1970களில் சிலர் இவற்றைப் பழைய பொருள் சந்தைகளிலிருந்து சேகரிக்கத் தொடங்கினர். பிரிட்டனில் 1980இல் எழுதுகருவிச் சங்கமும், அமெரிக்காவில் 1988இல் பேனா சேகரிப்பாளர் அமைப்பும் தோன்றின. பல நகரங்களில் ஆண்டுதோறும் பேனாக் கண்காட்சிகள் நடக்கின்றன. அங்கே மேசைகளில் பேனாக்களைப் பரப்பி விற்பர், வாங்குவர், ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வர். சேகரிப்பாளர்கள் பழைய விலைப்பட்டியல்களையும் பழுதுநீக்கும் கையேடுகளையும் தேடித் தொகுத்துப் பிறருக்கும் கிடைக்கச் செய்தனர்.

இதனால் வரலாறும் திருத்தம் பெற்றது. காப்பீட்டு முகவரான வாட்டர்மேன் ஒப்பந்தத்தில் மை கொட்டியதால் வாடிக்கையாளரை இழந்தார், அந்தக் கோபத்தில்தான் புதிய பேனாவைக் கண்டுபிடித்தார் என்னும் கதை இன்றும் பல நூல்களில் உள்ளது. பழைய விளம்பரங்களை வரிசைப்படுத்திப் பார்த்த சேகரிப்பாளர்கள், நிறுவனத்தின் தொடக்கக் கால வெளியீடுகளில் இக்கதை இல்லை என்பதையும், பிற்கால விளம்பரங்களிலேயே அது இடம்பெறுகிறது என்பதையும் எடுத்துக்காட்டினர்.

பேனாவின் வயதைக் கணித்தல்

பேனாவின் உடலில் பொறித்த எழுத்தும் எண்ணும் முதன்மைச் சான்றுகள். இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

வாட்டர்மேன் பேனாவின் அடியில் 52 என்று இருந்தால், 5 என்பது நெம்புகோல் முறையையும் 2 என்பது முள்ளின் அளவையும் குறிக்கும். 452 என்றிருந்தால், முன்னுள்ள 4 வெள்ளி மேலுறையைக் குறிக்கும். 452 என்று பொறித்த பேனாவில் வெள்ளி உறை இல்லையென்றால், ஏதோ ஓர் உறுப்பு மாறியிருக்கிறது என்று அறியலாம்.

பார்க்கர் பேனாக்களில் ஒரு காலகட்டத்தில் ஆண்டின் கடைசி இலக்கமும் சில புள்ளிகளும் பொறிக்கப்பட்டன. 1930களின் இறுதி முதல், ஆண்டின் முதல் காலாண்டுக்கு மூன்று புள்ளிகள். பிறகு காலாண்டுக்கு ஒன்றாகக் குறைந்து, கடைசிக் காலாண்டில் புள்ளியே இராது. 4 என்னும் எண்ணும் இரண்டு புள்ளிகளும் கொண்ட பார்க்கர் 51 ஒன்று கிடைக்கிறது என்று கொள்வோம். 4 என்பது 1934ஆகவும் இருக்கலாம், 1944ஆகவும் இருக்கலாம். ஆனால் பார்க்கர் 51 சந்தைக்கு வந்ததே 1941இல். எனவே இது 1944இன் இரண்டாம் காலாண்டில் செய்யப்பட்டது.

வணிகமும் நேர்மையும்

பழைய பேனாவின் விலை, வகையின் அருமை, நிறம், முள்ளின் தன்மை, பொறிப்பின் தெளிவு, உறுப்புகளின் உண்மை ஆகியவற்றைப் பொறுத்தது. கடையில் விற்காமல் தங்கிய, மையே தொடாத பழைய சரக்குக்கு விலை மிகுதி. வெவ்வேறு பேனாக்களின் உறுப்புகளைச் சேர்த்து உருவாக்கிய பேனாவைச் சேகரிப்பாளர்கள் 'ஃபிராங்கன்பேனா' என்று கேலியாக அழைப்பர்.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். மாற்று உறுப்பு பொருத்தியது தானாகவே குற்றம் ஆகாது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், நம் நாட்டில் வெளிநாட்டுப் பேனாவின் மூடி உடைந்தால் புதிய மூடி எளிதில் கிடைக்காது. பேனாக்கடைக்காரர் கடைசல் பட்டறையில் ஒன்றைச் செய்து கொடுப்பார். அந்த மூடியும் வரலாறுதான். ஒரு பேனாவை எறியாமல் காத்த உழைப்பின் அடையாளம். அதை மறைத்து, 'எல்லாம் நிறுவனத்தின் உறுப்புகளே' என்று விற்கும்போதுதான் ஏமாற்று பிறக்கிறது. வாங்குபவர் பணத்தை இழப்பதோடு அது முடிவதில்லை. அந்தப் பேனாவின் படம் சான்றாகப் பகிரப்படுகிறது. 'இப்படியும் ஒரு வகை இருந்தது' என்று அடுத்தவர் எழுதுகிறார். பொய் விவரம் பொய் வரலாறாகிறது. எனவே எந்த உறுப்பு மாற்றப்பட்டது, எது பழுது நீக்கப்பட்டது என்பதை எழுதிக்கொடுப்பதே நல்ல விற்பனையாளரின் வழக்கம்.

பழுதுநீக்கத்தில் கவனம்

ரப்பர் பை காலப்போக்கில் இறுகி நொறுங்கும். புதிய பையைக் கழுத்தோடு ஒட்ட அரக்குக் கரைசல் பயன்படுகிறது. அரக்கு இளஞ்சூட்டில் இளகும் என்பதால், பின்னொரு நாள் பையை மீண்டும் மாற்றலாம். விரைவில் இறுகும் இன்றைய பசைகளைப் பூசினால் அந்த வாய்ப்பே போய்விடும். பின்னால் வருபவர் திருத்தக்கூடிய வகையில் பழுது நீக்குவதே சிறந்த முறை.

கறுப்பு எபோனைட் வெயிலாலும் ஈரத்தாலும் பழுப்பாகும். தண்ணீரில் ஊறவைத்தால் நிறம் மேலும் கெடும். மெருகு சக்கரத்தில் தேய்த்தால் பளபளப்பு வரும். ஆனால் வயதைச் சொல்லும் பொறிப்பும் நுண்கோலங்களும் அழிந்துவிடும். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும்; அதைச் சுடர் அருகே கொண்டுபோகவே கூடாது.

இந்தியாவில்

சுதேசி இயக்கக் காலத்தில் ஆந்திரத்தின் ராஜமுந்திரியில் ரத்தினம் பேனா தோன்றியது. குமரப்பா வழியாகத் தமக்கு வந்த பேனாவைப் பயன்படுத்தியதாகவும், கடைவீதிகளில் காணும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுவதாகவும் காந்தியடிகள் 1935 ஜூலையில் ரத்தினத்துக்குக் கடிதம் எழுதினார். ராஜமுந்திரியிலும் தமிழ்நாட்டின் திருவள்ளூரிலும் எபோனைட் தண்டுகளைக் கடைந்து கையால் பேனா செய்யும் பட்டறைகள் இன்றும் உள்ளன. மேலை நாடுகளில் பெரும்பாலும் சேகரிப்புப் பொருளாகிவிட்ட எபோனைட் ஃபில்லர் பேனா, இங்கே இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றை விரும்பி வாங்குகின்றனர்.

இந்தியப் பழைய பேனாக்களைப் பற்றிய எழுத்துப் பதிவுகள் அமெரிக்கப் பேனாக்களுக்கு உள்ள அளவு இல்லை. இங்கே பல பேனாக்கள் சிறிய பட்டறைகளில் செய்யப்பட்டு, ஆண்டுக் குறிப்போ வரிசை எண்ணோ இல்லாமல் விற்கப்பட்டன. எனவே அவற்றை வைத்திருந்தவர்களின் நினைவே முதன்மைச் சான்றாகிறது.

வீட்டில் பழைய பேனா கிடைத்தால்

தாத்தாவின் பெட்டியில் பழைய பேனா ஒன்று கிடைத்தால் மாணவர்கள் செய்ய வேண்டியவை சில. இறுகிய மூடியையோ நெம்புகோலையோ வலிந்து திருப்ப வேண்டாம். ஊறவைக்கவும் மெருகேற்றவும் வேண்டாம். உடலிலும் முள்ளிலும் உள்ள எழுத்துகளை உருப்பெருக்கியால் படித்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து மங்கியிருந்தால் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சிப் படம் எடுங்கள். பிறகு வீட்டுப் பெரியவர்களிடம், இதை யார், எப்போது, எங்கே வாங்கினார், எந்த வேலைக்குப் பயன்படுத்தினார், எங்கே பழுது பார்த்தார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளைப் பேனாவோடு சேர்த்து வையுங்கள். உடைந்த முள்ளுக்கு இன்னொரு முள்ளைத் தேடிப்பிடிக்கலாம். பெரியவர்களின் நினைவில் மட்டும் உள்ள இந்தச் செய்திகளை அவர்கள் காலத்துக்குப் பின் எங்கும் தேடிப் பெற முடியாது.