பங்காசுவனன் கதை: இரண்டு பக்கமும் வாழ்ந்தவர் சொல்வது



தீமிதி சமயத்தில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் திரௌபதி அம்மனையும் அரவானையும் கும்பிடுகிறோம். அதே பாரதத்தில் நம்மில் பலர் கேள்விப்படாத ஒரு ராஜா உண்டு. பெயர் பங்காசுவனன்.

ஆண், பெண் இருவரில் யாருக்கு இன்பம் அதிகம் என்று தருமர் கேட்கிறார். அனுசாசன பர்வத்தில் வருகிறது இது. பீஷ்மர் தானாக முடிவு சொல்லாமல், இரண்டாகவும் வாழ்ந்த ஒருவரின் கதையைச் சொன்னார்.

பங்காசுவனன் இந்திரனுக்குப் பங்கில்லாத வேள்வி செய்து நூறு பிள்ளைகளைப் பெற்றான். கோபப்பட்ட இந்திரன் காட்டில் அவனை வழிதவற வைத்தான். ஒரு குளத்தில் குளித்து எழுந்தால், பெண்! முதலில் வந்த கவலை என்ன தெரியுமா? எப்படிக் குதிரை ஏறுவது, ஊர்ல மனைவி மக்கள் முகத்தில் எப்படி முழிப்பது. நாட்டை மகன்களிடம் கொடுத்துவிட்டு, காட்டில் ஒரு முனிவரோடு வாழ்ந்து இன்னும் நூறு பிள்ளைகளைப் பெற்றாள். இந்திரன் சூழ்ச்சியால் இருநூறு பேரும் சண்டையிட்டு மாண்டார்கள். பிறகு மனமிரங்கி, "எந்த நூறு பேர் வேணும்?" என்றான். தாயாகப் பெற்றவர்களைக் கேட்டாள். பெண்ணின் பாசமே பெரிது என்றாள். இந்திரன் மகிழ்ந்து எல்லாரையும் எழுப்பினான். மறுபடி ஆணாகிறாயா என்றதற்கு, பெண்ணாகவே இருக்கிறேன், அதில்தான் இன்பம் அதிகம் என்றாள்.

அப்பாக்களுக்குப் பாசம் குறைவு என்று இதற்கு அர்த்தம் இல்லீங்க. இருநிலையும் அறிந்தவர் சொன்னதை தேவராஜனே மறுத்துப் பேசவில்லை. அதுதான் விஷயம்.

நம்ம இலக்கணமும் இப்படித்தான். தொல்காப்பியம் இவர்களை உயர்திணையில் வைத்தது. ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்பியவரைப் பெண்பாலாகவும், பெண்மை விட்டு ஆண்மையை விரும்பியவரை ஆண்பாலாகவும் நன்னூல் சொல்கிறது. சிங்கப்பூரில் 1971-ல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் முதல் பால்மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தது யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் ரத்தினத்தின் குழு. 1996-ல் இவர்களின் திருமணத்தையும் சட்டம் ஏற்றது.

எங்களோடு அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் ஒரு திருநங்கை அக்கா சொன்னார்: "முன்னாடி ராத்திரியில தனியா பஸ் ஸ்டாப்ல நிக்க யோசிச்சதே இல்ல. இப்ப யோசிக்கிறேன். கூட்டத்துல நான் சொன்னா கேப்பாங்க. இப்ப அதையே சொன்னா, பக்கத்துல இருக்கிற ஆம்பள திருப்பிச் சொல்லணும்."

பங்காசுவனன் சொன்னது உள்ளே உணர்ந்த வித்தியாசம். அக்கா சொல்வது நாம் வெளியிலிருந்து உண்டாக்கும் வித்தியாசம். முதலாவது கடவுள் கணக்கு. இரண்டாவது நம்ம கணக்கு, அதை நாமே திருத்தலாம்.

வேறொரு கோயிலில் பெண்கள் வரிசையிலிருந்து அந்த அக்காவை விலகச் சொல்லியிருக்கிறார்கள். அர்ச்சனைத் தட்டோடு திரும்பிப் போயிருக்கிறார். அன்பர்களே, அம்மன் சந்நிதியில் அப்படி ஒருவர் பக்கத்தில் நின்றால் முறைச்சுப் பார்க்காதீங்க. "வாங்க அக்கா" என்று கொஞ்சம் இடம் விடுங்க. பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்க.

ஓம் சக்தி 🙏